ரைபிள் ஸ்கோப்பில் உருப்பெருக்கமும் ஜீரோ பிறழ்வும்

ரைபிளின் மீது பொருத்தி, குறிபார்க்கப் பயன்படுத்தும் தொலைநோக்கி ஸ்கோப் எனப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு தொலைவில், ஸ்கோப்பின் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி அதைச் சரிசெய்வது ஜீரோ செய்தல் ஆகும். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்புகள் சிலவற்றில், ஒரு பெருக்கத்தில் ஜீரோ செய்துவிட்டு வேறு பெருக்கத்துக்கு மாற்றினால் குண்டு வேறிடத்தில் படும். இதுவே ஜீரோ பிறழ்வு. ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோட்டை எங்கே வைப்பது என்ற வடிவமைப்பு முடிவோடு இச்சிக்கலின் வரலாறு பின்னிப் பிணைந்துள்ளது.

நிலைப்பெருக்க ஸ்கோப்புகளின் காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் யூட்டிகா நகரின் மார்கன் ஜேம்ஸும் சிரக்கியூஸ் நகரின் வில்லியம் மால்கமும் ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளைச் செய்தனர். ஏறக்குறைய துப்பாக்கிக் குழலின் நீளமே இருந்த இவை 1861-1865 அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டன. இவற்றின் உருப்பெருக்கம் மாறாதது. குறியைச் சரிசெய்ய, தாங்கியிலுள்ள திருகுகளால் ஸ்கோப் முழுவதையுமே நகர்த்தினர். உள்ளே நகரும் லென்சு இல்லாததால் பெருக்கத்தால் ஜீரோ பிறழ வழியே இல்லை.

1930இல் வில்லியம் வீவர் வெளியிட்ட 330 என்ற ஸ்கோப், தாங்கியுடன் சேர்த்து 19 டாலருக்கு விற்கப்பட்டது. குறியைச் சரிசெய்யும் அமைப்பு இதில் குழாய்க்கு உள்ளேயே இருந்தது. ஸ்கோப் சாதாரண வேட்டைக்காரருக்கும் எட்டும் பொருளாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்புகள் பரவலாயின. ஜீரோ பிறழ்வும் அவற்றோடு வந்தது.

பிறழ்வு ஏற்படும் விதம்

ஸ்கோப்பின் பொருளருகு லென்சு இலக்கின் பிம்பத்தைத் தலைகீழாக உருவாக்குகிறது. அந்தப் பிம்பம் விழும் இடம் முதல் குவியத் தளம். நடுவிலுள்ள லென்சுத் தொகுதி அதை நிமிர்த்தி, கண்ணருகு லென்சுக்கு முன்னுள்ள இரண்டாம் குவியத் தளத்தில் விழச் செய்கிறது. பெருக்க வளையத்தைத் திருப்பும்போது, சுருள் வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்ட ஒரு குழாய் சுழன்று, இந்த நடு லென்சுகளை முன்னும் பின்னும் நகர்த்துகிறது.

நகரும் லென்சுகள் அச்சிலிருந்து சிறிதும் விலகாமல் செல்ல வேண்டும். பள்ளம் தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் லென்சு பக்கவாட்டில் ஆடும், பிம்பமும் இடம்பெயரும். பொருளருகு லென்சின் குவியத் தூரம் 200 மி.மீ. எனக் கொண்டால், அதன் குவியத் தளத்தில் 0.05 மி.மீ. இடப்பெயர்ச்சிக்கு ஈடான விலகல் 100 மீட்டரில் 2.5 செ.மீ., 900 மீட்டரில் 22.5 செ.மீ. பிழையாக வளரும். 0.05 மி.மீ. என்பது பெரும்பாலானோரின் தலைமுடித் தடிமனைவிடக் குறைவு.

இந்த ஆட்டம் குறியைக் கெடுக்குமா என்பது குறுக்குக்கோட்டின் இடத்தைப் பொறுத்தது. குறுக்குக்கோடு முதல் தளத்தில் இருந்தால், நடு லென்சுகள் பிம்பத்தையும் கோட்டையும் சேர்த்தே நகர்த்தும். காட்சி சற்று அசையலாம், குறி மாறாது. இரண்டாம் தளத்தில் இருந்தால் பிம்பம் மட்டும் நகரும், கோடு நின்றுவிடும். இலக்கின் மீது கோடு இருந்த இடம் மாறிவிடும்.

இரு மரபுகள்

ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் வேட்டை ஸ்கோப்புகளில் முதல் தளமே நெடுங்கால மரபு. அதில் பெருக்கம் கூடும்போது கோடும் தடித்து, சிறிய இலக்கை மறைக்கும். அமெரிக்காவில் இரண்டாம் தளம் பரவியது. அதில் கோடு எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். அந்த வசதிக்கு ஈடாக லென்சு நகர்வில் அதிகத் துல்லியம் தேவைப்பட்டது.

ராணுவப் பயன்பாடு

1966இல் அமெரிக்க மரைன் பிரிவு ஏற்ற எம்40 ரைபிளில் ரெட்ஃபீல்டு நிறுவனத்தின் 3-9 மடங்கு ஸ்கோப் இருந்தது. வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்திய எம்21 ரைபிளுக்கு ஜேம்ஸ் லெதர்வுட் வேறொரு வழியைக் கண்டார். அவரது ஏஆர்டி ஸ்கோப்பில் பெருக்க வளையத்தோடு ஒரு நெம்புருள் இணைக்கப்பட்டது. சுடுபவர், இலக்கு இரு கோடுகளுக்கிடையே பொருந்தும்வரை வளையத்தைத் திருப்புவார். தொலைவுக்கேற்ப ஸ்கோப்பின் சாய்வும் தானாக மாறும். 300 முதல் 900 மீட்டர் வரை இவ்வாறு குறிபார்க்க முடிந்தது. பெருக்கம் மாறினால் ஜீரோவும் மாற வேண்டும் என்பதே இதன் வடிவமைப்பு. பின்னர் வந்த ஏஆர்டி 2 ஸ்கோப்பில் பெருக்கத்துக்கும் நெம்புருளுக்கும் தனித்தனி வளையங்கள் வைக்கப்பட்டன.

அடுத்த தலைமுறை ரைபிள்கள் நிலைப்பெருக்கத்துக்குத் திரும்பின. மரைன் பிரிவின் எம்40ஏ1 ரைபிளில் யுனெர்ட்டல் 10 மடங்கு ஸ்கோப்பும், 1988இல் தரைப்படை ஏற்ற எம்24 ரைபிளில் லியூப்போல்டு 10 மடங்கு ஸ்கோப்பும் இடம்பெற்றன. 2000களில் மரைன் பிரிவு ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் நிறுவனத்தின் 3-12 மடங்கு ஸ்கோப்பைத் தேர்ந்தது. அதில் குறுக்குக்கோடு முதல் தளத்தில் இருந்தது. தரைப்படையின் எக்ஸ்எம்2010 ரைபிளுக்கும் முதல் தள ஸ்கோப்பே அமைந்தது. மாறுபெருக்கம் இவ்வாறு திரும்பி வந்தது.

பிழையைக் கண்டறிதல்

பிறழ்வு என்று கருதப்படுபவை எல்லாம் லென்சின் குறை அல்ல. தாங்கியின் திருகு தளர்ந்திருந்தால், வளையத்தைத் திருப்பும் விசையே ஸ்கோப்பை அசைத்துவிடும். பெருக்கம் கூடும்போது கண்ணின் இடம் மாறினால் இடமாறு தோற்றப் பிழை உண்டாகும். இரண்டாம் தள ஸ்கோப்பில், மையத்துக்குக் கீழுள்ள தொலைவுக் குறிகள் ஒரு குறிப்பிட்ட பெருக்கத்தில் மட்டுமே சரியான அளவைக் காட்டும். மற்றப் பெருக்கங்களில் அவற்றை நம்பிச் சுட்டுவிட்டு ஜீரோ போய்விட்டதாக நினைப்பது பொதுவான தவறு.

குண்டு நீக்கிய ரைபிளை அசையாதபடி பிடிப்பானில் இறுக்கி, தொலைவில் கட்டமிட்ட தாளை வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. கண்ணை ஸ்கோப்பின் மையத்திலேயே வைத்து வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். குறுக்குக்கோடு அதே கட்டத்தில் நின்றால் குறை ஸ்கோப்பின் பெருக்க அமைப்பில் இல்லை. தாங்கியையும் சுடும் முறையையும் ஆராய வேண்டும். ரைபிளும் தாங்கியும் அசையாமலேயே கோடு விலகினால் குறை ஸ்கோப்புக்குள் இருக்கிறது. சுட்டுச் சோதிப்பவர்கள் குறைந்த பெருக்கம், அதிகப் பெருக்கம், மீண்டும் குறைந்த பெருக்கம் என மூன்று முறை, ஒவ்வொன்றிலும் பல குண்டுகள் சுட்டு, அவற்றின் மையங்களை ஒப்பிடுகின்றனர். ஒரே குண்டின் விலகல் இயல்பான சிதறலாகவும் இருக்கலாம்.

உள்ளே தேய்ந்த ஸ்கோப்பைத் தயாரிப்பாளரிடமே பழுதுபார்க்க வேண்டும். அதுவரை, அதிகம் பயன்படுத்தும் பெருக்கத்தில் ஜீரோ செய்து அதை மாற்றாமல் வைத்திருப்பது நடைமுறை வழி. பெருக்கத்தை மாற்றியே ஆக வேண்டுமெனில், எப்போதும் ஒரே திசையிலிருந்து வளையத்தைத் திருப்பி நிறுத்தினால் தளர்வால் வரும் வேறுபாடு குறையும்.