ஐந்து நட்சத்திரக் குறிகள்: ஒரு குட்டிக் கருவியின் கதை

சில வருஷங்களுக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை ராத்திரி. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே சர்வரில் மூணு மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சின்ன வெர்ஷன் அப்டேட் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றையும் நிறுத்திவிட்டு ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். 'மைஎஸ்க்யூஎல்டி_மல்டி' ஸ்கிரிப்டில் ஸ்டாப் கொடுத்தேன். நிற்கவே இல்லை. லாகைப் பார்த்தால் அனுமதி மறுப்பு. அதே பாஸ்வேர்டைக் கையால் அடித்தால் உள்ளே விடுகிறது!

விடிகாலை நாலு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது: 'மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ்'.

இது என்ன கருவி? மைஎஸ்க்யூஎல் தன் செட்டிங்குகளை ஒரே கோப்பில் வைப்பதில்லை. சிஸ்டம் முழுமைக்கும் ஒரு மை.சிஎன்எஃப், பயனரின் ஹோம் டைரக்டரியில் இன்னொன்று என்று பல இடங்களில் இருக்கும். ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால், கடைசியாகப் படித்ததே செல்லும். சி, சி++ மொழிகளில் எழுதிய சர்வருக்கு இதைப் படிக்கத் தெரியும். ஆனால் அதை எழுப்பி நிறுத்துகிற வேலையைச் செய்வது ஷெல், பெர்ல் ஸ்கிரிப்டுகள். அவை ஒவ்வொன்றிலும் இந்த விதிகளைத் திரும்ப எழுதுவதா? அதற்காகத்தான் இந்தக் குட்டி. குழுவின் பெயரைச் சொன்னால், எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் படித்து, '--போர்ட்=3306' என்ற மாதிரி வரிக்கு ஒன்றாகத் துப்பிவிடும். ஸ்கிரிப்ட் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆக, இதன் முதல் வாசகர் மனிதர் இல்லை, இன்னொரு நிரல்.

ஆனால் நம்மைப் போன்றவர்களும் இதைப் பயன்படுத்தினோம். எந்த செட்டிங் எடுபடுகிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அந்தப் பட்டியலில் பாஸ்வேர்டும் பச்சையாக வந்தது. திரையில், லாகில், யாருக்கோ அனுப்பும் மெயிலில் எல்லாம்.

2013-இல் வந்த 5.6, பாஸ்வேர்டைக் குழப்பி எழுதி வைக்க '.மைலாகின்.சிஎன்எஃப்' என்ற கோப்பைத் தந்தது. ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியும் அதே கோப்புக்குள்தான் இருக்கிறது! எட்டிப் பார்ப்பவரைத் தடுக்கும். திருட வந்தவரைத் தடுக்காது. பிறகு 2015 வாக்கில், மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ் பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் ஐந்து நட்சத்திரக் குறிகளைக் காட்டத் தொடங்கியது. உண்மையைப் பார்க்க '-எஸ்' சேர்க்க வேண்டும்.

நல்ல மாற்றம்தான். ஆனால் முதல் வாசகரை மறந்துவிட்டார்கள். மல்டி ஸ்கிரிப்ட் அந்த ஐந்து நட்சத்திரங்களையே பாஸ்வேர்டு என்று நம்பி சர்வரிடம் நீட்டியது. சர்வரை எழுப்ப பாஸ்வேர்டு தேவையில்லை, நிறுத்தத்தான் தேவை. அதனால்தான் ஒரு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்து அந்த ஒரு வரியில் '-எஸ்' சேர்த்தேன். மூன்றும் சமர்த்தாக நின்றன.

இன்றும் இதைப் பயன்படுத்துகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. இது சொல்வது கோப்பில் எழுதியிருப்பதை மட்டும். சர்வர் இப்போது எதை வைத்து ஓடுகிறது என்பதை அல்ல. 8.0-இல் 'செட் பெர்சிஸ்ட்' மூலம் மாற்றியது டேட்டா டைரக்டரியில் தனிக் கோப்பில் போய் உட்காரும். இந்தப் பட்டியலில் வராது. அதற்கு சர்வரையே கேட்க வேண்டும்.

நீங்களும் ஒரு கருவியின் அவுட்புட்டை மாற்றப் போகிறீர்களா? அதை மனிதர் மட்டும்தான் படிக்கிறாரா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். யாரோ ஒருவரின் சனிக்கிழமை தூக்கம் மிஞ்சும்.