பொனான்சா ஓடையும் உறைமண்ணும்: கிளாண்டைக் தங்க வரலாறு

கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கான் பகுதியில் ஓடும் ஒரு சிற்றோடைக்கு 1896 ஆகஸ்டு வரை முயல் ஓடை என்றே பெயர். அம்மாதம் அங்கே தங்கம் தட்டுப்பட்டதும் அது பொனான்சா ஓடை ஆயிற்று. இதன் வரலாறு பெரும்பாலும் பொன்னாசையின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் அந்த மண்ணை மனிதர் எப்படி உருக்கினர் என்று தொடர்ந்து பார்த்தால்தான், ஓடை யார் கையிலிருந்து யார் கைக்கு, ஏன் மாறியது என்பது விளங்கும்.

பனியுகங்களில் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்தின் கீழ் இருந்தது. கிளாண்டைக் வட்டாரம் அதற்குத் தப்பியது. பாளம் நகர்ந்திருந்தால் பழைய ஆற்றுச் சரளையைச் சுரண்டிச் சிதறடித்திருக்கும். இங்கே குவார்ட்ஸ் நாளங்கள் பல லட்சம் ஆண்டுகள் அமைதியாகச் சிதைந்தன. அவற்றிலிருந்த தங்கம் ஓடைகளில் இறங்கியது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3. அரிசி அரிக்கும்போது கல் பாத்திரத்தின் அடியில் தங்குவதைப் போல, பொன் துகள்கள் சரளைக்கு அடியில், அடிப்பாறையின் வெடிப்புகளில் போய்ச் சேர்ந்தன. மேட்டிலும் தங்கம் இருந்தது. குன்றுகளின் மேல் தோண்டிய புதியவர்களைப் பழைய சுரங்கக்காரர்கள் ஏளனம் செய்தனர். ஆனால் அங்கிருந்த வெண்சரளை, ஓடை இன்றைய ஆழத்துக்கு அறுத்து இறங்கும் முன் இருந்த பழம்படுகை. கனடா நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர்.ஜி. மெக்கானல் 1905இல் வெளியிட்ட அறிக்கை இதனை விரிவாக விளக்கியது.

முதலில் கண்டவர் யார்? ஜார்ஜ் கார்மாக், அவர் மனைவி ஷா த்லா, ஷா த்லாவின் சகோதரர் கெய்ஷ் (ஸ்கூக்கும் ஜிம்), உறவினர் டாசன் சார்லி ஆகியோர் ஒரே குழுவாக அந்த வட்டாரத்தில் இருந்தனர். கண்டது கெய்ஷ் என்பது அவர் தரப்பின் உறுதியான கூற்று. அன்றைய விதிப்படி, கண்டுபிடித்தவருக்கு மட்டும் இரண்டு சுரங்க நிலத் துண்டுகள் உண்டு. ஒரு துண்டு ஓடை நெடுக 500 அடி. பழங்குடி ஒருவர் பெயரில் அந்த உரிமையை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி, கார்மாக் அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். பதிவேட்டை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர் இங்கே அநீதிக்கு உடன்படுகிறார் என்றே கருதுகிறேன்.

தொடக்ககால உருக்கும் முறை விறகுதான். குளிர்காலத்தில் மாலையில் தீ மூட்டுவார்கள். காலையில் உருகிய மண்ணை, ஏறத்தாழ ஓர் அடி ஆழம், வாளியில் இறைத்து வெளியே குவிப்பார்கள். அடிப்பாறையைத் தொடும்வரை இதே வேலை. வசந்தத்தில் ஓடை உருகி ஓடத் தொடங்கியபின், குறுக்குச் சட்டங்கள் பொருத்திய நீண்ட மரத் தொட்டிகளில் அந்தக் குவியலை அலசுவார்கள். கோடரியும் உடல்வலுவும் உள்ள இருவர் கூடினால் போதும், பெரிய முதலீடு தேவைப்படவில்லை. 1897 ஜூலையில் தங்கத்துடன் கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் வந்து நின்றபின், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வடக்கே புறப்பட இந்த எளிமையும் ஒரு காரணம். வந்து சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 வரை இருப்பர். அதற்குள் நல்ல துண்டுகள் எல்லாம் பதிவாகிவிட்டன.

விறகுக்காகக் குன்றுகள் மொட்டையாயின. புதியவர்கள் பெருகியதால், கிளாண்டைக் ஆற்று முகத்துவாரத்தில் சால்மன் மீன்பிடித்து வாழ்ந்த ட்ரான்டெக் ஹுவெச்சின் மக்கள், தலைவர் ஐசக் வழிநடத்த, யூக்கான் ஆற்றின் கீழ்ப்புறம் உள்ள மூஸ்ஹைடுக்குப் பெயர்ந்தனர்.

அடுத்து நீராவி வந்தது. கொதிகலனிலிருந்து வரும் ஆவியை இரும்புக் குழாய்கள் வழியே மண்ணுக்குள் செலுத்தினர். வேகம் கூடியது, செலவும் கூடியது. கொதிகலன் வாங்க இயலாதவர் துண்டை விற்றார். அப்படித் துண்டுகளை வாங்கிச் சேர்த்த பெருநிறுவனங்களில் ஒன்றான குகன்ஹைம் குடும்பத்தின் நிறுவனம் ஏறத்தாழ 70 மைல் நீளத்துக்குக் கால்வாயும் குழாயும் அமைத்து, 1909இல் மேட்டுச் சரளையை அலச நீர் கொண்டுவந்தது. பின்னர் ஆவியின் இடத்தைச் சாதாரண ஆற்று நீரே பிடித்தது. குழாய்வழி மண்ணுக்குள் ஓடும் குளிர்நீரும் பனியை உருக்கப் போதுமானது.

உருகிய நிலத்தை டிரெட்ஜர் எனப்படும் மிதக்கும் அகழ்வு இயந்திரங்கள் விழுங்கின. 1912இல் கட்டப்பட்ட நான்காம் எண் டிரெட்ஜர் எட்டு மாடி உயரம் கொண்டது. கிளாண்டைக் பள்ளத்தாக்கில் பல்லாண்டு உழைத்த அது 1941இல் மறுபடி கட்டப்பட்டு, 1959 வரை பொனான்சாவில் ஓடியது. இன்று அங்கேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது. பழங்குடியினரின் தொல்லிடங்களையும் உள்ளடக்கிய ட்ரான்டெக்-கிளாண்டைக் என்னும் மரபிடத் தொகுதி 2023இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெருநிறுவனங்கள் போய்விட்டன. இன்று யூக்கானில் ஆற்றுச்சரளைத் தங்கம் எடுப்பவர்கள் பெரும்பாலும் குடும்பமாக உழைக்கும் சிறு சுரங்கக்காரர்கள். புல்டோசரால் மேல்மண்ணை வழித்துவிட்டு, கோடை வெயில் சரளையை உருக்கும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள்.