லயமும் தனிவீடும்

ஒரு வீட்டின் அமைப்பை உற்று நோக்கின், அதைக் கட்டியவர் எதற்கு அஞ்சினார் என்பது விளங்கும். பதுளை நகருக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளியிலும், ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் எழுந்த லயங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பிக் காலத்துத் துரைமார் லயங்களை அமைத்தபோது செலவுச் சுருக்கத்தையே முதலிற் கருதினர். அடுத்து அவர்கள் கருதியது, தொழிலாளர் தோட்டத்தை விட்டு ஓடாதிருத்தல். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, அக்காலத்தில் குற்றம் பற்றிய அச்சம் தோட்ட முதலாளிக்கே உரியதாயிருந்தது. சுமார் 120 சதுர அடிக் காம்பராக்கள் வரிசையாக அமைந்தன. இரட்டை லயமாயின், முதுகோடு முதுகு சேர்ந்த இரு வரிசைகள். காம்பராவுக்கு ஒரே வாசல், பின்வழி இல்லை. பிரட்டுக்குத் தப்பு முழங்கியதும், வந்தவர் யார், வராதவர் யார் என்பதைக் கங்காணி எளிதில் அறிந்துகொண்டார்.

1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிந்தது. லயமோ ஒழியவில்லை.

ஆயினும், மனிதர் வாழுமிடத்தைத் தமதாக்கிக்கொள்ளும் இயல்பினர். கண்காணிப்புக்கு உதவிய அதே இஸ்தோப்பு, நாளடைவில் அயலவர் கூடும் முற்றமாயிற்று. தனித்து வாழும் கைம்பெண் இரவில் இருமினாலும் அடுத்த காம்பராவில் கேட்கும். அந்நியர் ஒருவர் வந்தால் பத்துக் கண்கள் பார்க்கும். ஆனால் தண்ணீர்ப் பீலியும் மலசலகூடமும் தொலைவில் இருந்தமையால், இருளில் வெளிச்செல்லும் பெண்கள் அஞ்சியே நடந்தனர். 1983 ஜூலையில் வன்செயல் பதுளையையும் பற்றியபோது, ஆபத்து வாசலுக்கு வந்தால் தப்ப வழியில்லாத வீட்டின் குறையும் தெளிவாயிற்று.

மேல்நாட்டு அறிஞரும் இவ்விடயத்தை ஆராய்ந்துள்ளனர். வீதியை நோக்கும் அயலவர் கண்களே சிறந்த காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961இல் எழுதினார். எவருக்கும் உரிமையற்ற பொது இடங்களே அச்சத்தை வளர்க்கின்றன என்று ஒஸ்கார் நியூமன் 1972இல் விளக்கினார். இஸ்தோப்பிற் குடியிருந்தோர் இவற்றை அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர்.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதன்பின் தனிவீட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. 7 பேர்ச்சஸ் காணியும், சுமார் 550 சதுர அடி வீடும் மலையகத்தின் பல தோட்டங்களிற் கிடைத்தன. தனி வாசல், பூட்டக்கூடிய கதவு, வீட்டுக்குள்ளேயே கழிவறை என்பன தலைமுறைகள் ஏங்கிய உரிமைகளாகும்.

எனினும், பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றபின், தனித்திருக்கும் முதியவருக்குப் பூட்டு மட்டும் போதாது. வாசல்கள் ஒன்றையொன்று நோக்க வேண்டும். வழியில் விளக்கு எரிய வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு குரல் இருக்க வேண்டும். முதலாளியின் அச்சம் லயத்தைக் கட்டியது. இனி எழும் வீடுகளையேனும் குடியிருப்போரின் அச்சத்தைக் கேட்டறிந்து கட்டுதல் நீதியாகும்.