நடுப் பக்கம்

என் மேஜைமேல் ஆயிரம் பக்க அகராதி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர் யாருமில்லை. நடுவில் பிரிக்கிறோம், சொல் முன்னாலா, பின்னாலா என்று பார்க்கிறோம், வேண்டாத பாதியை விட்டு, மிஞ்சிய பாதியை மறுபடி நடுவில் பிரிக்கிறோம். பத்துத் தடவைக்குள் பக்கம் அகப்பட்டுவிடும். பத்து லட்சம் பெயர் கொண்ட பட்டியலுக்கும் இருபது தடவை போதும். பெயர்கள் வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சரித்திரமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1946-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூர் பள்ளியில் ஜான் மாக்லி நிகழ்த்திய பிரசங்கத்தில் இந்த உபாயம் வருகிறது. எக்கர்ட்டுடன் சேர்ந்து எனியாக் என்ற கணக்கு யந்திரத்தைப் படைத்தவர் அவர். யந்திரத்துக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில்தான் சங்கடம் ஆரம்பித்தது. 15 பெயர் என்றால் நடு எட்டாவது, இரு பக்கமும் ஏழேழு, பிறகு மும்மூன்று, பிறகு ஒவ்வொன்று. அழகாக முடிகிறது. பத்துப் பெயர் என்றால் நடு ஐந்தா, ஆறா? மனிதன் ஏதோ ஒன்றைத் தொட்டுச் சமாளிப்பான். யந்திரத்துக்குச் சமாளிக்கத் தெரியாது. எத்தனை பெயருக்கும் பொருந்தும் விதியை லெஹ்மர் என்ற கணித நிபுணர் வெளியிட்டது 1960-ல். பதினான்கு வருஷம்!

பிற்பாடு ஜான் பெண்ட்லி என்பவர், தொழிலில் ஊறிய புரோகிராமர்களுக்கு இதையே பயிற்சியாக வைத்தார். நேரம் தாராளமாகவே கொடுத்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதியதில் பிழை. சரியான முறையைத் தம் புத்தகத்தில் நிரூபித்தும் காட்டினார். அதிலும் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006-ல் சுட்டிக்காட்டினார் ஜோஷ்வா பிளாக். பெண்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர்தான். தாம் ஜாவா மொழிக்காக எழுதியதிலும் அதே பிழை ஒன்பது வருஷம் பதுங்கியிருந்தது என்று ஒப்புக்கொண்டார். நடுவைக் காண இரு முனை எண்களையும் கூட்டிப் பாதியாக்குவது வழக்கம். பட்டியல் 107 கோடியைத் தாண்டினால் கூட்டுத்தொகை யந்திரம் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் போய்விடுகிறது. 1946-ல் அவ்வளவு பெரிய பட்டியலை யார் கண்டார்கள்?

நானும் ஓர் இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். பத்து நாவல்களின் பெயரை அகர வரிசையில் எழுதினேன், தேடும் விதியையும் எழுதி என் பெண்ணிடம் கொடுத்து, "நீதான் யந்திரம். எழுதியிருக்கிறபடியே செய்" என்றேன்.

ஆறு நாவல்கள் அகப்பட்டன. நான்கு அகப்படவில்லை.

"இதோ கண் முன்னால் இருக்கிறதே அப்பா! ஆனால் விதிப்படி இல்லை" என்று சிரித்தாள் அவள்.

'முன்முனையும் பின்முனையும் ஒன்றானதும் நிறுத்து' என்று எழுதியிருந்தேன். கடைசியாக மிஞ்சும் அந்த ஒன்றையும் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வரி சேர்த்ததும் பத்தும் கிடைத்தன.

"இப்போது சரிதானே?" என்று கேட்டாள். பெண்ட்லியை நினைத்துக்கொண்டேன். "இன்றைக்குச் சரி" என்றேன்.