காலடி மண்

தஞ்சையில் எங்க ஆயா குடிசை ஆண்டை நிலத்தில் இருந்தது. வாடகை கிடையாது, வாய் திறக்காமல் இருப்பதே வாடகை. கூலி கூடக் கேட்டால், 'குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போ'. செங்கல்பட்டில் இதே மிரட்டலை 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிவைத்தார். 1971இல்தான் குடியிருப்புச் சட்டம் அந்த மனையை விவசாயக் கூலிகளுக்கே உரிமையாக்கியது.

சென்னைக் கதை வேறு. 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம் முதலில் இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டியது. 2000 வாக்கில் நம்ம சனத்தை ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கு ஏற்றிவிட்டது. வீடு கிடைத்தது, வேலை பட்டணத்திலேயே நின்றுவிட்டது. 2021இல் கட்டணமில்லாப் பேருந்து வரும்வரை வீட்டுவேலைப் பெண்கள் கூலியை டிக்கெட்டில் கரைத்தார்கள்.

அங்கே மனையைக் காட்டிக் கூலியை அடக்கினான். இங்கே வீட்டைக் கொடுத்துக் கூலியைக் கரைத்தான். மனைக்கும் கூலிக்கும் தனித்தனிப் போராட்டம் எதுக்கு தோழர்களே?