நகைப்பிலிருந்து உரிமைக்கு

சிங்கப்பூரின் வடபால் அமைந்த ஈசூனில், புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் ஆண்டுதோறும் பங்குனி உத்திரப் பெருவிழா நடைபெறுகின்றது. தெய்வத் திருமணங்கள் நிகழ்ந்த நாளென மரபு போற்றும் நன்னாள் அது. இறைவனையே மணக்கோலத்தில் கண்டு மகிழும் தமிழ்ச் சமுதாயம், உடற்குறையுள்ள தன் மக்களின் காதலையும் மணவாழ்வையும் எங்ஙனம் நோக்கியது?

கலித்தொகையின் 94ஆம் பாடலைக் காண்க. மருதனிளநாகனார் பாடிய அப்பாடலில், அரண்மனை ஏவலராகிய கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிர்ப்படுகின்றனர். முதலில் ஒருவர் உருவை ஒருவர் எள்ளுகின்றனர், ஊடுகின்றனர், பின்னர் உள்ளம் ஒன்றுகின்றனர். தழுவிக்கொள்ள விழையும் அவர்கள் அஞ்சுவது தம் உடற்குறையை அன்று. அரண்மனையில் காண்போரின் நகைப்பையே! ஆதலால் தனியிடம் நாடுகின்றனர். ஏவலரின் காதலை அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது இலக்கணம். எனினும், அவர்க்கும் வேட்கை உண்டு என்னும் உண்மையைப் புலவர் மறைத்தாரல்லர்.

இருபதாம் நூற்றாண்டிலோ நகைப்பு சட்டமாயிற்று. 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1933இல் செருமனி இயற்றிய சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மகப்பேற்றுத் திறனை இழந்தனர். சப்பானில் 1948இல் பிறந்த அத்தகைய சட்டம் 1996 வரை நீடித்தது.

சிங்கப்பூரின் சட்டம் தன்விருப்பக் கருத்தடையையே பேசியது. ஆயினும், 1974ஆம் ஆண்டுச் சட்டம், இசைவு தர இயலாத அறிவாற்றல் குன்றியோர்க்குப் பிறர் இசைவின்பேரில் அறுவை செய்ய இடமளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமே, அத்தகையோர்க்கு நீதிமன்ற ஆணை வேண்டுமென வரையறுத்தது. இடைப்பட்ட காலத்தில், 1981இல், உடற்குறையுள்ளோர் தாமே கூடி அமைத்த உலக இயக்கம் இச்சிங்கப்பூர் மண்ணிலேதான் தோன்றியது. பார்வையற்ற சிங்கப்பூரரான ரான் சந்திரன் டட்லி அதன் முதல் தலைவரானார். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, முழு இசைவுடன் மணம்புரியவும் குடும்பம் அமைக்கவும் உடற்குறையுள்ளோர்க்கு உரிமை உண்டென்று உரைத்தது. சிங்கப்பூர் 2013இல் அதனை உறுதிப்படுத்தியது.

இன்று ஈசூன் அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கிகளும் சரிவுப்பாதைகளும் உள்ளன. சக்கர நாற்காலி வீட்டு வாயிலை எட்டிவிட்டது. மணவறையை எட்டுவதற்கோ உறவினரின் உள்ளம் இளக வேண்டியிருக்கின்றது. அவர்க்கு வேண்டுவது பராமரிப்பு மட்டுமே, காதல் அன்று என்னும் எண்ணத்தைச் சட்டத் திருத்தம் ஒன்றே களைந்துவிடாது.

கலித்தொகைப் பாடலை வகுப்பில் நடத்துங்கால் மாணவர் நகைத்தல் இயல்பு. அவ்விடத்தே ஆசிரியர் சற்று நிறுத்தி, அந்த இருவரும் எதற்கு அஞ்சினர் என்று வினவுதல் வேண்டும். விடையை உணரும் மாணவன் நகைப்பை நிறுத்துவான். கூனியும் குறளனும் தனியிடம் தேடியதன் காரணமும் அவனுக்குப் புலனாகும்.