பெரம்பூரில் தொடங்கி எளாவூர் வரைக்கும்

கும்மிடிப்பூண்டின்னாலே நம்ம ஆட்களுக்கு சிப்காட்டும் இரும்பு உருக்காலையும் லாரிகளும்தான் ஞாபகம் வரும். அதுக்குப் பக்கத்துல எளாவூரில் மருத்துவ அறிவியலுக்குன்னே ஒரு பூங்கா கொண்டுவர இறங்கினவர் இதய அறுவை மருத்துவர் கே.எம்.செரியன்.

1942ல் கேரளாவின் செங்கன்னூரில் பிறந்தவர். மணிப்பாலில் படிப்பு, வேலூர் சி.எம்.சி.யில் வேலை, அப்புறம் ஆஸ்திரேலியாவில் மேற்பயிற்சி. 1975ல் செய்த ஆபரேஷன்தான் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் என்று அறியப்படுகிறது. காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைபட்ட இதயக்குழாயைத் தாண்டி மாற்றுவழி போடுகிற வேலை. எங்கே செஞ்சார் தெரியுமா? பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்!

எனக்கு இதுதாங்க முக்கியம். பெரிய ஆபரேஷன்னா தனியார் ஆஸ்பத்திரிதான்னு இன்னிக்குச் சாதாரணமா பேசுறோம். ஆனா கேங்மேனும் கலாசியும் குடும்பத்தோட வைத்தியம் பார்த்துக்கிற அரசு ஆஸ்பத்திரியில்தான் அந்தக் கதவே திறந்தது.

பிறகு முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனை வளர்த்தார். 1991ல் பத்மஸ்ரீ. 2004ல் ஃபிரான்டியர் லைஃப்லைன் தொடங்கினார். எளாவூர் பூங்கா அதற்கப்புறம் வந்த கனவு. மகனும் இதய அறுவை மருத்துவரே. 2025 ஜனவரியில் பெங்களூரில் காலமானார்.

கோயில், கோட்டைக்கெல்லாம் கல்வெட்டு தேடிப் போறோம். பெரம்பூர் ரயில்வே குடும்பத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, வீட்டுப் பெரியவங்ககிட்ட அந்த ஆஸ்பத்திரி பத்திக் கேட்டு எழுதுங்களேன். அதுவும் வரலாறுதான்.